பிரேக் ‘திடீரென’ செயலிழப்பதில்லை

எமது பத்திரிகைகளின் விபத்துச் செய்திகளில் நீண்ட காலமாகக் குடியிருந்து வரும் வாக்கியம் ஒன்று உண்டு. “வாகனத்தின் பிரேக் திடீரெனச் செயலிழந்தமையால் சாரதியின் கட்டுப்பாட்டை மீறி...” என்று அது தொடங்கும். அதன் பின்னர் பள்ளம், மதகு, மின்கம்பம், எதிரே வந்த முச்சக்கர வண்டி என்று இடத்துக்கேற்ப ஏதோ ஒன்று வந்து சேரும். இத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகள் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாக்கியத்தில் உள்ள ‘திடீரென’ என்ற சொல் பெரும்பாலும் பொய். பிரதேச நிருபர்களின் பிரதிகளில் அதைக் கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு மையால் வெட்டி வந்தேன். நிருபர்கள் சிலர் மனவருத்தம் கொண்டதும் உண்டு.

ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அந்தச் சொல் வாகன உரிமையாளரை விடுவிக்கிறது. வாகனத்தைப் பார்த்த கராஜ்காரரை விடுவிக்கிறது. பரிசோதிக்க வேண்டிய அரசாங்கத்தையும் விடுவிக்கிறது. கடைசியில் விதி மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. விதிக்கு எந்த நீதிமன்றமும் அழைப்பாணை அனுப்ப முடியாது என்பதால் வழக்கும் அத்துடன் முடிந்து விடுகிறது.

உண்மையில் ஒரு பழைய வானின் பிரேக் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் செத்துக் கொண்டிருக்கிறது. கடைசி வளைவில் நடப்பது மரண அறிவித்தல் மாத்திரமே. அந்தச் சாவுக்குரிய காரணங்களில் மிகவும் மலிவாகத் தவிர்க்கக்கூடியதும், எம்மவர்கள் மிகவும் அலட்சியம் செய்வதும் எதுவென்றால், பொனற்றின் கீழோ ஆசனத்தின் அருகிலோ சிறியதொரு பிளாஸ்ரிக் குடுவையில் இருக்கும் திரவந்தான்.

அதன் பெயரிலேயே எமது தவறு தொடங்குகிறது. ‘பிரேக் ஒயில்’ என்கிறோம். அது எண்ணெயே அல்ல. சாதாரணமாகப் பாவிக்கப்படும் டொட் 3, டொட் 4 வகைத் திரவங்கள் கிளைக்கோல் ஈதர் என்ற இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எண்ணெய் தண்ணீரை விலக்கும். இந்தத் திரவமோ தண்ணீரைத் தேடி இழுத்துக்கொள்ளும். குடுவையின் மூடியில் உள்ள நுண்ணிய துவாரத்தின் வழியாகவும், சில்லுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய்களின் சுவரினூடாகவும் காற்றிலுள்ள ஈரப்பதன் இரவு பகலாக அதற்குள் இறங்குகிறது. எமது நாட்டின் கடற்கரைக் காற்றின் ஈரப்பதனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புப் போத்தலைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் பார்த்தவர்கள் அறிவார்கள். ‘ஒயில்’ என்ற பெயரை நம்பி இயந்திர எண்ணெயை அந்தக் குடுவைக்குள் ஊற்றினால் இறப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்து முழுத் தொகுதியும் நாசமாகும். ஆகவே பெயர்த் தவறு என்பது இங்கே இலக்கணப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

தண்ணீர் கலந்தால் என்ன நடக்கும்? பிரேக் மிதிப்பதால் உண்டாகும் அழுத்தத்தைத் திரவம் சில்லுவரை கொண்டு செல்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் காட்டிய விதிதான் இதன் அடிப்படை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆவியையும் காற்றையும் சுருக்கலாம். திரவம் கொதித்து ஆவியானால் உங்கள் கால் ஆவியைத்தான் மிதிக்கிறது, சில்லை அல்ல. மிதி தரைவரை இறங்கும், வான் நிற்காது.

அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தரத்தின்படி, புதிய டொட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது. அதே திரவத்தில் ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த எல்லை 140 பாகையாகிவிடுகிறது. டொட் 4 க்கு இந்த இரு எண்களும் 230, 155. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் அறுபது பாகைக்கு மேற்பட்ட பாதுகாப்பைக் குடித்துவிடுகிறது. அதற்கு மேலும் ஆண்டுகள் கழிந்து மேலும் தண்ணீர் சேர்ந்தால் எல்லை இன்னும் கீழே வரும். இது கண்ணுக்குத் தெரியாது. திரவம் பிளேன்ரீ நிறத்துக்கு மாறியிருந்தால் பழையது என்று ஊகிக்கலாம். ஆனால் நிறம் மாறாததனால் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது.

இப்பொழுது எமது வான்களின் வரலாற்றைப் பார்ப்போம். எமது வீதிகளில் ஓடும் பழைய ரொயோட்டா ஹைஏஸ், லைற்ஏஸ், நிசான் கரவன், வனற், மிற்சுபிசி டெலிகா எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கே வந்தவை. ஜப்பானில் ‘ஷாகென்’ என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. புதிய காருக்கு முதல் தடவை மூன்று ஆண்டுகளில், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை. பொருள் ஏற்றும் வாகனங்களுக்கு அதனிலும் அடிக்கடி. பிரேக்கின் பிடிப்பு விசையை இயந்திரத்தில் ஏற்றி அளப்பார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் பிரேக் திரவத்தையும் மாற்றிவிடுவது அங்கே வழக்கம். ஆக, இந்த வான் ஜப்பானில் இருந்தவரை இரண்டு ஆண்டுக்கொருமுறை புதிய திரவத்தைக் கண்டது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து அந்தப் பாக்கியத்தை இழந்தது. இளமையில் கவனிக்கப்பட்ட வாகனம், முதுமையில் கைவிடப்பட்டது. எமது முதியோர்களின் கதைபோலத்தான் இதுவும்.

2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த ஒவ்வொரு வானுக்கும் ஐந்து வயது கூடியது, விலையும் கூடியது. இருபத்தைந்து, முப்பது வயது வான்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகின்றன. திருமண வீட்டாரை ஏற்றுகின்றன. கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் அடியார்களை ஏற்றுகின்றன. பழைய வான் வைத்திருப்பது குற்றமல்ல. பழைய வானைப் புதிய வானைவிடக் குறைவாகக் கவனிப்பதுதான் குற்றம்.

வடபுலத்தவர்களுக்கு இதில் தனியானதோர் ஆபத்து இருக்கிறது. யாழ்ப்பாணம் தட்டைப் பூமி. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் வானின் பிரேக் ஒருபோதும் கடுமையாகச் சூடேறுவதில்லை. சந்தியில் நிற்கும், கடையில் நிற்கும், கோயிலடியில் நிற்கும். ‘பிரேக் நல்லாத்தான் இருக்கு’ என்று சாரதி நம்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. சமதரையில் அது நல்லாத்தான் இருக்கும். ஆனால் பாடசாலை விடுமுறை வந்ததும் அதே வான் பத்துப் பன்னிரண்டு பேருடனும் பொதிகளுடனும் நுவரெலியாவுக்குப் போகிறது.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். ஆட்களும் பொதிகளுமாக 2 தொன் எடையுள்ள வான் நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு வரும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி, 80 லீற்றர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்கப் போதுமானது. சாரதி குறைந்த கியரில் இறங்கினால் அதில் கணிசமான பங்கை இயந்திரம் சுமந்துகொள்ளும். எரிபொருள் மிச்சம் பிடிக்க நியூற்றலில் விட்டு பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினால் பெரும்பகுதி வெப்பம் பிரேக்குக்கே போகும். பல ஆண்டு பழைய, தண்ணீர் குடித்த திரவம் அந்த வெப்பத்தைச் சந்திக்கும் முதலாவது நாள் அதுதான். அந்த நாளில் வானுக்குள் முழுக் குடும்பமும் இருக்கிறது.

மலைச்சரிவு இரண்டாவது சந்தர்ப்பம் தருவதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைச் சரிவில் பாடசாலை மாணவர்களை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் உயிரிழந்தார்கள். இத்தகைய ஒவ்வொரு துயரின் பின்னரும் சாரதியைப் பற்றிப் பேசுகிறோம், வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம், வீதியின் வளைவைப் பற்றிப் பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் வீதிகளில் ஓடும் வாகனங்களின் பராமரிப்புக் குறிப்பேட்டை யாராவது கேட்கிறார்களா? அப்படியொரு குறிப்பேடு எத்தனை வான்களில் இருக்கிறது?

வாகனம் எச்சரிக்காமல் விடுவதுமில்லை. மிதி பஞ்சுபோல் மென்மையாகும். முன்பைவிடக் கீழே போய்ப் பிடிக்கும். காலை வைத்திருக்க மெல்ல இறங்கும். எம்மவர்களில் பலர் இதைத் திறமையாக மாற்றிக்கொண்டார்கள். ஒருமுறை நான் வாடகைக்கு அமர்த்திய வானின் மிதி இருமுறை மிதித்த பின்னரே பிடிப்பதைக் கண்டு கேட்டேன். “ரெண்டு தரம் மிதிச்சாப் பிடிக்கும் ஐயா, பயப்பிடாதேங்கோ” என்றார் சாரதி. இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்கும் என்று அவருக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? குறுக்கே ஓடிவரும் பிள்ளை இரண்டாவது மிதிவரை காத்திருக்குமா?

கராஜ்களில் நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். என்னுடைய பழைய வானை ‘சேர்விஸ்’ செய்யக் கொடுத்த இடமொன்றில் ‘பிரேக் ஒயில் மாற்றியது’ என்று பற்றுச்சீட்டில் எழுதிக் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து குடுவையைப் பார்த்தேன். மேலே கொஞ்சம் புதிய திரவம், கீழே பழைய கறுப்பு. மாற்றவில்லை, நிரப்பியிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நன்றாக மனதில் கொள்ள வேண்டும். இயந்திர எண்ணெய் சுற்றி ஓடுவது. பிரேக் திரவம் சுற்றி ஓடுவதில்லை. குடுவையில் ஊற்றிய புதிய திரவம் பெரும்பாலும் குடுவையோடு நிற்கும். மிகவும் பழைய திரவம் சில்லுகளின் சிலிண்டருக்குள், வெப்பம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, இருந்துகொண்டிருக்கும். நிரப்புவது என்பது புண்ணுக்கு மேல் பவுடர் பூசுவது போன்றது. அத்துடன், குடுவையில் மட்டம் குறைந்தால் அதற்கொரு காரணம் இருக்கிறது: பிரேக் பாட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிவு இருக்கும். நிரப்பிவிட்டால் அந்தச் செய்தியும் மறைந்துவிடும்.

‘எயர் எடுத்தோம்’ என்பார்கள். அதுவும் முழுமையான மாற்றம் ஆகாது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றச் சில கரண்டி திரவத்தை வெளியே விட்டாற் போதும். முழுவதையும் மாற்றுவதென்றால் முதலில் குடுவையிலுள்ள பழையதை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். பின்னர் ஒவ்வொரு சில்லிலும் உள்ள நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயைச் செருகி, மறுமுனையைப் புதிய திரவம் சிறிது உள்ள போத்தலில் அமிழ்த்தி, ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி மேலே வருமுன் மூட வேண்டும். தெளிந்த புதிய திரவம் குமிழியின்றி வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இடையில் குடுவை வற்றக் கூடாது. வற்றினால் காற்றுப் புகுந்து எல்லாம் ஆரம்பத்திலிருந்து. ஒரு வானுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் போதும்.

பழைய வானுக்கு மேலும் சில கவனங்கள் உண்டு. பிரதான சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்குவது பொது வழக்கம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான எங்கள் வான்களில் சுக்கான் வலப்புறம் இருப்பதால் அது பெரும்பாலும் இடது பின்சில்லாக இருக்கும். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வலது பின்சில்லில் தொடங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளரின் கைநூல் வேறு ஒழுங்கு சொன்னால் அதுவே முடிவு. ஹைஏஸ் போன்ற சிலவற்றில் பாரத்துக்கேற்பப் பின்சில்லுகளின் அழுத்தத்தைச் சரிசெய்யும் வால்வு ஒன்று அடியில் இருக்கும். அதற்கும் நிப்பிள் இருந்தால் அதையும் விட்டுவிடக் கூடாது. மிதியைத் தரைவரை ஓங்கி மிதிக்கக் கூடாது. பிரதான சிலிண்டரின் இறப்பர் வளையம் பல ஆண்டுகள் தொடாத, துருவேறிய பகுதியில் உரசிக் கிழிந்துவிடும். மிதிக்கு அடியில் ஒரு மரக்குற்றியை வைத்தாற் போதும். கழற்றிய திரவத்தைத் திரும்ப ஊற்றக் கூடாது. மாதக்கணக்காகத் திறந்து கிடந்த போத்தலையும் பாவிக்கக் கூடாது. டொட் 5 என்று வரும் சிலிக்கன் திரவத்தை மற்றவற்றுடன் கலக்கவே கூடாது. திரவம் வர்ணப் பூச்சில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் வரும் மறுப்புகளை அறிவேன். “முப்பது வருடமாக மாற்றாமல் ஓடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை” என்பது முதலாவது. தலைக்கவசமின்றி முப்பது வருடம் ஓடியவரும் அதையே சொல்வார். இறந்தவர்களுக்கு இந்த விவாதத்தில் கலந்துகொள்ளும் வசதி இல்லை. “பழைய நிப்பிளைத் தொட்டால் உடைந்துவிடும்” என்பது இரண்டாவது. நியாயமான பயம். முதல் நாளே துரு இளக்கும் திரவம் தெளித்து, பொருத்தமான சாவியால் பொறுமையாகத் திறக்க வேண்டும். அப்படியும் உடைந்தால் அந்தச் சிலிண்டர் மாற்றப்பட வேண்டிய நிலையை அடைந்திருக்கிறது என்று பொருள். அது கராஜில் உடைந்தது உங்கள் அதிர்ஷ்டம். “செலவு” என்பது மூன்றாவது. ஒரு லீற்றர் திரவமும் ஒரு மணி நேரக் கூலியும் அந்த வானின் ஒரு ரயரின் விலைக்குக் கிட்டவும் வராது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை வரும் இந்தச் செலவைத் தாங்க முடியாதென்று சொல்பவரின் வானில் பாட்டுப் பெட்டியும் வர்ண விளக்குகளும் இருப்பதைப் பார்க்கிறேன்.

இந்த மனநிலை எங்கிருந்து வந்தது என்றும் யோசித்திருக்கிறேன். 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடியது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் எமது மெக்கானிக்குகள் காட்டிய கைத்திறனுக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். அந்தச் சமாளிப்புத்தான் எம்மை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் தடை போய்விட்டது. சமாளிப்பு மாத்திரம் போகவில்லை. அன்று பொருள் இல்லாமையால் சமாளித்தோம். இன்று கடையில் போத்தல் இருக்கும்போதும் சமாளிக்கிறோம். இயந்திரத்தை ஏமாற்றலாம், அது நடுவழியில் நின்றுபோவதோடு கணக்குத் தீரும். பிரேக்கை ஏமாற்றினால் நிற்காமற் போவதோடுதான் கணக்குத் தீரும்.

சாரதிகளை மாத்திரம் குற்றம் சாட்டி நான் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. லீசிங் தவணைக்கு ஓடும் ஒருவருக்கு வானை அரை நாள் கராஜில் விடுவது வருமான இழப்புத்தான். அதனால்தான் அரசாங்கம் என்ற ஒன்று இருக்கிறது. 2008 முதல் இந்நாட்டில் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு வாகனப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. ஆண்டுதோறும் வான் வரிசையில் நிற்கிறது, குழாயை நுழைத்துப் புகையை அளக்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள். நல்லது, புகையும் கொல்லும். ஆனால் அந்த வான் பரிசோதனை நிலையத்துக்கு உள்ளே வந்து நின்றது எப்படி என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அதே நிலையத்தில் பிரேக் விசையை அளக்கும் உருளைப் பொறி ஒன்றையும், திரவத்தின் கொதிநிலையைச் சோதிக்கும் சிறு கருவி ஒன்றையும் வைத்தால் என்ன? வாகனம் அங்கே வந்துதானே நிற்கிறது! பதினைந்து வயது கடந்த வான்களுக்கும், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஒவ்வொரு வாகனத்துக்குமாவது இதை முதலில் கட்டாயமாக்குங்கள். புகையை அளக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பிரேக்கை அளப்பது பெரிய வித்தையல்ல.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறையில் வந்து கட்டுநாயக்காவில் இறங்கும்போது உங்களுக்காக வான் காத்திருக்கும். ஏ.சி. வேலை செய்கிறதா, ஆசனம் சாயுமா, ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்கள். கனடாவிலும் இலண்டனிலும் உங்கள் சொந்த வாகனத்துக்கு நீங்கள் காட்டும் அக்கறையை ஏன் ஊர் வானுக்குக் காட்டுவதில்லை? ‘பிரேக் ஒயில் எப்ப கடைசியா மாத்தினது?’ என்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள். புறப்படுமுன் மிதியை நீங்களே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்; முதல் மிதியிலேயே கல்லுப்போல நிற்க வேண்டும். நூறு பேர் கேட்டால் பத்துப் பேராவது மாற்றுவார்கள். பணம் கொடுப்பவரின் கேள்விக்கு உள்ள பலம் என் கட்டுரைக்கு இல்லை.

நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசுக்குகிறோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஏ-9 வீதியில் மேலே போகிறோம். அந்த நம்பிக்கையைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. நானும் அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். ஆனால் பிள்ளையார் சில்லுக்குள் இறங்கி நிப்பிளைத் திறக்க மாட்டார். அது எங்கள் வேலை. அடுத்த பாடசாலை விடுமுறைக்கு முன்னர் வான் வைத்திருப்பவர்கள் ஒரு லீற்றர் திரவம் வாங்குங்கள். மாற்றிய திகதியை ஒரு துண்டில் எழுதிக் குடுவையின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு வானில் ஏறும் பழக்கம் எமது சனத்துக்கு வரட்டும்.